பிரியாணிக்கு ஜாமீன்

புதன்கிழமை காலை கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த நான், சமையலறையில் நின்றிருந்த மனைவியிடம், "நின்னுடுச்சு!" என்று அறிவித்தேன். அவள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தேர்வு முடிவு கேட்கிற முகத்தோடு திரும்பினாள்.

"பாஸா?"

"டிஸ்டிங்ஷன்."

"சந்தோஷம். சோப்பு போட்டுக் கை கழுவுங்க."

திங்கள் மாலையிலிருந்து செவ்வாய் இரவு வரை என் வயிறு மூன்று ஷிஃப்டும் ஓடியிருந்தது. எங்கள் ஊரில் தங்கச் சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் கயிறு அறுந்த கேஜ் கூண்டு போல ஒன்று உள்ளுக்குள் விடுவிடுவென்று கடைசி லெவலுக்கு இறங்குவதை அந்த ஒன்றரை நாளில் நன்றாக உணர்ந்தேன். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மட்டும் குடித்துக் கிடந்ததில் உடம்பு பஞ்சாகிவிட்டது. தலை மிதந்தது. சுவரில் பல்லி ஓடினால்கூடச் சிரிப்பு வந்தது. அன்றைய கதையை நான் துள்ளிக்கொண்டு சொல்வதாகத் தோன்றினால், அதில் பாதி நீர்ச்சத்துக் குறைவின் வேலை.

நான் மட்டும் படுக்கவில்லை. எங்கள் திருச்சபையில் கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. பூசணிக்காயையும் வாழைத்தாரையும் ஏலம் விட்டு முடித்ததும் மட்டன் பிரியாணி விருந்து. வழக்கமாகக் கோலாரிலிருந்து ஒரு ஆள் வந்து சமைப்பார். இந்த வருடம் ஸ்கெலட்டன் குடியிருப்பில் வீட்டிலேயே பிரியாணி செய்து விற்கிற ஒரு அம்மாவுக்கு அந்த வேலையைக் கொடுத்தோம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றியது அதுவே முதல் தடவை. விருந்து பிரமாதம். திங்கள் மாலை சபையே கழிவறை வாசலில் வரிசையில் நின்றது.

செவ்வாய்க்கிழமை சபையின் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. எழுதியவர் எங்கள் பொருளாளர். சுரங்கக் கம்பெனியின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். ஷிஃப்டுக்கு இறங்கும் ஆட்களுக்குச் சீட்டுக் கொடுத்தே காலம் தள்ளியவர். கோலார் ஆளை மாற்றக் கூடாது என்று கமிட்டியில் கடைசி வரை சண்டை போட்டவரும் அவர்தான். "பிரியாணிதான் காரணம். நான் அப்போதே சொன்னேன்" என்று எழுதி, கீழே ஒரு வேத வசனமும் போட்டிருந்தார்.

புதன்கிழமை நான் கை கழுவி, இரண்டு நாள் கழித்து முதல் காபியை வாயருகே கொண்டுபோனபோது வாசலில் அந்தச் சமையல்கார அம்மா வந்து நின்றார்.

"அண்ணே, நீங்கதான கக்கூஸ் டெஸ்ட் சாரு?"

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் நுண்ணுயிரியல் கூடத்தில் சேர்ந்து, அதன் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இருட்டோடு ரயில் ஏறி இருட்டில் வீடு திரும்பும் கூட்டத்தில் ஒருவனாகக் காலம் போயிற்று. நடுவில் இருந்த வெளிச்ச நேரத்தில் ஊரார் மலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் தலைமுறை மண்ணுக்குள் இறங்கித் தங்கம் தேடியது. நான் வேறொன்றில் இறங்கி வேறொன்றைத் தேடினேன். சம்பளம் எனக்குத்தான் ஒழுங்காக வந்தது.

"உள்ள வாம்மா. இன்னா விஷயம்?"

"விஷயம் இன்னா விஷயம்! எலும்பு கொஞ்சமா, கறி அதிகமா, இன்னும் ரெண்டு பீஸ் போடுன்னு கேட்டு வாங்கித் துன்னவன்லாம் இப்ப என்னிய விஷம் வெச்சவன்றான். அத்த வுடுங்க. வாய் கீது, பேசறான். நாளைக்கு ராபர்ட்சன்பேட்டைல ஒரு கல்யாணம். மதியச் சாப்பாடு என்னுதுன்னு எப்பவோ பேசியாச்சு. பொண்ணோட அப்பா காலைல போன் பண்றாரு. 'யம்மா, சாயந்திரத்துக்குள்ள உன் மேல தப்பில்லன்னு யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொன்னா செய்யி. இல்லன்னா கோலார் ஆளுக்குச் சொல்லிடுவேன்'னு. இந்தக் கல்யாணம் போச்சுன்னா அப்புறம் இந்த ஊர்ல எனுக்கு யாரு அடுப்பு குடுப்பான்? திரும்ப டப்பால கட்டி வாசல்ல வெச்சு விக்கணும். அதையும் எவன் வாங்குவான்?"

சாயந்திரத்துக்குள் என்பதுதான் சிக்கல். எங்கள் காலத்து முறையில் மலத்தைக் கிருமி வளர்க்கும் ஊட்டத்தட்டில் தேய்த்து, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் எதெது முளைத்திருக்கிறது என்று பார்ப்போம். சந்தேகப்பட்டதைக் கிள்ளி இன்னொரு தட்டில் நடுவோம். அதற்கடுத்த நாள் பெயர் வைப்போம். விவசாயத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, அறுப்பின் பண்டிகைதான் கிடையாது. அந்த முறையில் போனால், கல்யாணப் பெண் மோதிரம் மாற்றி, மறுவீடு போய், மாமியாரோடு முதல் சண்டையும் போட்ட பிறகுதான் முடிவு வரும். தவிர, படுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டார்கள். கிருமி ஏதாவது இருந்திருந்தாலும் பாதி செத்திருக்கும். செத்தது தட்டில் முளைக்காது.

ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு மெஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மிக்ஸி அளவுதான் இருக்கும். சோப்புப்பெட்டி மாதிரி ஒரு கேசட்டில் கொஞ்சம் மல மாதிரியை விட்டு உள்ளே தள்ளினால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருபத்துச் சொச்சத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு சொல்லிவிடும். கிருமி வளர்ந்து காட்ட வேண்டாம். உயிரோடு இருக்கக்கூட வேண்டாம். அதன் மரபணுவில் ஒரு துணுக்கு இருந்தால் போதும். அந்தத் துணுக்கை மெஷின் இரண்டாக்கி, நாலாக்கி, கண்ணுக்குப் படுகிற அளவுக்குப் பெருக்கிவிடும். ஸ்கெலட்டனில் ஒருவர் காதில் சொன்ன வதந்தி ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் எப்படிப் பெருகியிருக்குமோ அப்படி.

அந்தக் கேசட்டின் விலையைக் கேட்டாலே பேதி நின்றுவிடும். அதனால்தான் ஊரில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் மெஷினை விற்ற கம்பெனி பழகிப் பார்க்கச் சொல்லிச் சில கேசட்டுகளைச் சும்மா கொடுத்திருந்தது. கூடத்தின் பொறுப்பில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியும். முன்பு கோலாரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு மாதிரிகள் அனுப்பிக்கொண்டிருந்தவள். நான் அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவன்.

இதை விளக்க வேண்டும். மல மாதிரியை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் எங்கள் மருத்துவமனையில் விதிமுறைகளை எழுதியவனே நான். மக்கள் எதெதிலோ கொண்டுவருவார்கள். வாசனை போகாத ஊறுகாய் பாட்டில். தீப்பெட்டி. பிள்ளையின் பென்சில் டப்பா. ஒருமுறை ஒரு பெரியவர் வெற்றிலையில் மடித்து, மேலே கிராம்பும் குத்திக் கொண்டுவந்தார். நேரம் கடந்தது, சிறுநீர் கலந்தது, மூடி சரியில்லாதது, பெயர் எழுதாதது என்று எல்லாவற்றையும் இரக்கமில்லாமல் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

போன் செய்தேன். "வாங்க சார்! தாராளமா வாங்க. நீங்களே சாம்பிள் கொண்டு வர்றீங்களா? பாக்கியம் சார்" என்றாள். அந்தக் குரலில் இருந்த இனிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாவது காபியும் ஒரு வாழைப்பழமும் உதவி செய்தன. சுத்தமான டப்பா, இறுக்கமான மூடி, பெயர், வயது, நேரம், எல்லாம் முறைப்படி. சமையல்கார அம்மாவை ஆட்டோவில் பின்னால் உட்கார வைத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வேட்பு மனு தாக்கல் செய்யப் போகிறவனைப் போல ராபர்ட்சன்பேட்டை போய் இறங்கினேன்.

லேப் பெண் டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மெல்லச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். உள்ளே இருந்தது சாயவில்லை.

"சார், இது ரிஜெக்ட் சார்."

"இன்னாது?"

"டப்பால போட்டா டப்பா ஷேப்புக்கு வரணும் சார். தன் ஷேப்பிலயே நிமிந்து நின்னுச்சுன்னா எடுக்கக் கூடாது. இது நின்னுக்கினு கீது பாருங்க, சிப்பாய் மாதிரி. பேதி இல்லாதவங்களுக்கு இந்த டெஸ்ட் பண்ணா பழைய குப்பையெல்லாம் பாசிட்டிவ் காட்டும், டாக்டர் கன்ஃப்யூஸ் ஆயிடுவாருன்னு ஒரு பெரிய மனுஷன் எங்களுக்கு எழுதி அனுப்பிச்சாரு. ஞாபகம் கீதா சார்?"

எழுதியது நான்தான். ஒரு காற்புள்ளிகூட மாறாமல் சொன்னாள்.

சமையல்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுருது வேணாம்னா என்னுது எடும்மா! ஆக்குனவ நானு. என் வயித்துல ஒண்ணும் இல்லன்னு காட்டு."

"உங்களுக்குப் பேதி ஆச்சாக்கா?"

"எனுக்கு எதுக்கு ஆவும்? கல்லு மாதிரி கீறேன்."

"அப்ப உங்களுதும் ரிஜெக்ட்."

"அப்ப நான் கெட்டியாக் கீறேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு! அத்தக் காட்டறேன் பொண்ணோட அப்பாவுக்கு!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா என்னை முறைத்ததும் அடங்கினேன். அவருக்கு அது சிரிக்கிற காரியம் இல்லை. பகல் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய போன் இடுப்பிலிருந்து இரண்டு தரம் அடித்தது. கறிக்கடைக்காரர், எத்தனை ஆடு என்று கேட்டு. "இரு, சொல்றேன்" என்று இரண்டு தரமும் அவர் சொன்ன விதம் என் காதில் நின்றது.

ஆக, இன்னும் போய்க்கொண்டிருக்கிற ஒரு ஆள் வேண்டும். அங்கேயே உட்கார்ந்து சபைக் குடும்பங்களுக்குப் போன் போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக அவ்வளவு அநாகரிகமான கேள்வியை நான் கேட்டதில்லை. "ஸ்தோத்திரம் பிரதர். நின்னுடுச்சா?" பெரும்பாலானோருக்கு நின்றுவிட்டது. நிற்காதவர்கள் கொடுக்க மறுத்தார்கள். ஒருவர் ஏசு வருகிறவரை அப்படியொரு காரியம் செய்ய மாட்டேன் என்றார். கடைசியில் மிச்சமிருந்தது பொருளாளர். அவர் மனைவிதான் போனை எடுத்தார்.

"அவரு உள்ள கீறாரு."

"எப்ப வருவாரு?"

"வந்துட்டு மறுபடி போவாரு. நடுவுல பேசுங்க."

நடுவில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் குதித்தார். "இன்னாய்யா நீ, என்னிய இன்னான்னு நெனச்ச? சபைப் பொருளாளரு டப்பா தூக்கிக்கினு ராபர்ட்சன்பேட்டை பஜார்ல வரணுமா?"

இப்படிப்பட்டவர்களுக்கும் ஒரு நடைமுறை உண்டு. "சரி, வுடு. நீ எழுதுனதுக்கு ஆதாரம் கெடைக்குமேன்னுதான் கேட்டேன். கறியிலருந்து வர்ற கிருமி உன் வயித்துல கீதுன்னு மெஷினே அச்சடிச்சுக் குடுத்துட்டா, அப்புறம் கமிட்டில ஒருத்தன் வாயத் தெறக்க முடியாது. அதையும் நீ வேணாம்ன்ற..."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எந்த டப்பாய்யா?"

அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினார். மெடிக்கல் ஷாப்பில் சரியான டப்பாவே வாங்கியிருந்தார். ஆனால் அது யாருக்கும் தெரியக் கூடாது என்று பழைய சபைக் காலண்டர் தாளில் சுற்றி, அதை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, பையை ஒரு கூடையில் வைத்து, கூடை மேல் துண்டு போர்த்தி எடுத்துவந்தார். ஆட்டோக்காரர், "சார், பலகாரம் ஜாக்கிரதை" என்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

லேப் பெண் டப்பாவைச் சாய்த்தாள். அது டப்பாவுக்குப் பணிந்தது. "சூப்பர் சார்!" என்றாள். பொருளாளர் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

கேசட்டை உள்ளே தள்ளியதும் மெஷின் லேசாக முனகத் தொடங்கியது. வெளியே பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். ஒரு கோடியில் அந்த அம்மா, மறுகோடியில் பொருளாளர், நடுவில் நீதிமன்ற டவாலி மாதிரி நான். பொருளாளர் நடுநடுவே எழுந்து உள்ளே போய்வந்தார்.

"பாவம், எத்தினி வாட்டி" என்றார் அந்த அம்மா, பாவம் என்ற தொனி இல்லாமல்.

"எல்லாம் உன் கைவண்ணம்."

"என் கைவண்ணம்னா அன்னிக்கு ஏன் நீங்க ஒரு வாய்கூடத் துன்னல? ரெண்டு வாட்டி தட்டு எடுத்துக்கினு வந்தேன். வேணாம் வேணாம்னீங்க."

"எனுக்கு... பசி இல்ல. வாசல்ல சாப்பாட்டுக் கூப்பன் குடுக்கற வேலை இருந்துச்சு."

எனக்குத் தலை மிதந்துகொண்டிருந்ததால் அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாப்பிடாத ஆளுக்குப் பேதி. ஆனால் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து லேப் பெண் கூப்பிட்டுவிட்டாள். மெஷின் முனகலை நிறுத்தியிருந்தது.

திரையைப் படித்தாள். சால்மோனெல்லா இல்லை. ஷிகெல்லா இல்லை. காம்பைலோபாக்டர் இல்லை. காலரா இல்லை. சரியாக வேகாத கறியும் கெட்ட தண்ணீரும் கொண்டுவருகிற பெரிய புள்ளிகள் ஒவ்வொருவராக இல்லை என்று வந்தார்கள். ஈ.கோலையில் ஒரு வகை, இருக்கிறது. நோரோ வைரஸ், இருக்கிறது.

"ஈ.கோலை!" என்று பொருளாளர் கையைத் தட்டினார். "நான் சொல்லல? பேப்பர்லயே வருமே, ஈ.கோலை!"

"உக்காருய்யா. அந்த வகை நம்ம ஊர்ல பாதிப் பேரு வயித்துல வாடகை இல்லாம குடியிருக்கும். ஒண்ணும் பண்ணாது. இந்த மெஷின்ல இதுதான் ஒரு தொல்லை, வீட்டுக்காரன், விருந்தாளி, திருடன் எல்லாரையும் ஒரே மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடும். திருடன் யாருன்னு நாமதான் பாக்கணும். நோரோதான் ஆளு. திடீர்னு வாந்தி, பேதி, ஒரு நாள் ரெண்டு நாள்ல விட்டுப்போவும். எல்லாருக்கும் அப்படித்தான் ஆச்சு."

"சரி, நோரோ. அது எங்கருந்து வந்துச்சு? ஆக்குனவங்க கையிலருந்து சோத்துல வராதா?"

வரும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மெஷின் பெயரைத்தான் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. அந்த அம்மாவின் முகம் விழுந்தது. "அப்ப இதுலயும் நான்தானா?" என்றார் மெதுவாக. அன்று முழுக்க அவர் மெதுவாகப் பேசியது அப்போது மட்டும்தான். "ரெண்டு நாளாத் தூங்கலண்ணே நானு. அடுப்பப் பாத்தா அழுகை வருது."

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உதவிக்கு வந்தது. எங்களவர் முன்னால் யாரும் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிட முடியாது. உடனே அதற்கு மேல் ஏலம் கேட்பார்கள்.

"ரெண்டு நாளு! பெரிய ரெண்டு நாளு!" என்றார் பொருளாளர். "நான் சனிக்கிழமை சாயந்திரத்துலருந்து அவஸ்தப்படறேன். அன்னிக்கு ராத்திரி எடுத்த வாந்தி என் பொண்டாட்டியக் கேளு. பெங்களூர்ல பொண்ணு வீட்ல பேரனுக்கு வாந்தி, தூக்கி வெச்சிருந்தேன், வந்த கையோட எனக்கும் புடிச்சுது. அந்த நெலமையிலயும் ஞாயித்துக்கெழமை வந்து கடமையச் செஞ்சவன்யா நானு!"

அந்த அம்மா சட்டென்று தலையைத் தூக்கினார்.

"சனிக்கிழமையா?" என்றார் அந்த அம்மா. "சனிக்கிழமை என் அண்டா அடுப்பே ஏறலியே!"

பொருளாளருக்குத் தான் ஏலத்தில் ஜெயித்துவிட்டது புரிந்தது. ஆனால் டைம் ஆபீஸ்காரர், லேசில் விட மாட்டார். "அது என் வயிறு. அது வேற. மத்தவங்களுக்கு நானா சோறு போட்டேன்? கூப்பன்தான குடுத்தேன்?" என்று சொல்லிக்கொண்டே, பெண் நீட்டிய அறிக்கையை வாங்கினார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கட்டைவிரலை நாக்கில் அழுத்தித் தேய்த்து, தாளைப் பிரித்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. மூன்று பேரும் அந்த ஈரக் கட்டைவிரலையே பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து அவர் கூப்பன் கிழித்த காட்சி எனக்குள் மெல்ல ஓடியது. மெல்லிய தாள் கூப்பன். நாக்கு, கட்டைவிரல், கிழி, நீட்டு. நாக்கு, கட்டைவிரல், கிழி, நீட்டு. சுரங்கத்துக்கு இறங்கும் ஒரு ஷிஃப்ட் ஆட்களை மணியடிப்பதற்குள் அனுப்பிப் பழகிய வேகம். அன்று பக்கத்தில் நின்று ரசித்தவன் நான். வாங்கியவர்கள் பந்தல் வாசலில் அதை அட்டைப்பெட்டியில் போட்டு, கொரோனா காலத்து மிச்சமான சானிடைசர் பாட்டிலில் ஒரு அழுத்து அழுத்தி, அதே கையால் பிரியாணியைப் பிசைந்தார்கள். இந்த வைரஸ் அந்தத் திரவத்துக்குப் பெரிதாகப் பயப்படாது. சோப்பும் தண்ணீரும்தான் அதைக் கழுவித் தள்ளும்.

மனைவிக்குப் போன் போட்டேன். "விருந்துல பரிமாறுன மாதர் சங்கத்துல யாருக்காவது வயிறு போச்சா?"

"ஒருத்திக்கும் இல்ல. அண்டாவச் சுரண்டி ரெண்டு ரெண்டு தட்டு சாப்பிட்டோம். இன்னாத்துக்கு?"

"உங்களுக்குக் கூப்பன் இருந்துச்சா?"

"பரிமாறுறவங்களுக்கு எதுக்குங்க கூப்பன்? நீங்கதான ரூல் போட்டீங்க?"

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். லேப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து பொருளாளர் முன்னால் நின்று அவர் கட்டைவிரலைச் சுட்டினார். "ஊரையே இத்த வெச்சுப் படுக்க வெச்சுட்டு, என் சோத்துமேல பழி போட்டீங்களே சார்! என்னிய விடுங்க. அந்த ஆடு இன்னா பாவம் பண்ணுச்சு?"

பொருளாளர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அவரிடம் கடைசியாக ஒரு அம்பு மிச்சமிருந்தது. அதை என் பக்கம் திருப்பினார்.

"கூப்பன் சிஸ்டம் கொண்டுவந்தது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தட்டு ஒரு ஆளுக்கு, வரிசை எண், துளையிட்ட தாள், தனி மேஜை, தனிப் பெட்டி. போன வருடத்துத் தள்ளுமுள்ளைப் பார்த்து வெறுத்து, நானே உட்கார்ந்து வகுத்த நடைமுறை. எல்லாம் எழுதியிருந்தேன், கட்டைவிரலைத் தவிர.

அந்த அம்மா கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூலக்கூறு முறையில் செய்த பரிசோதனையில் கண்டறியப்பட்டவை, கண்டறியப்படாதவை, தொற்று வந்த வழி பற்றிய அனுமானம் என்று தொடங்கினேன்.

"சார், சார்" என்று அவர் வெட்டினார். "அந்தம்மா பிரியாணி துன்னலாமா, கூடாதா?"

"துன்னலாம்."

"அதச் சொல்ல இவ்ளோ நேரமா? போன அவங்க கைல குடுங்க."

அந்த அம்மா போனை வாங்கிக் காதில் வைத்தார். "ஆங் சார்... ஆங்... அரிசி ஊற வெச்சிடட்டுமா?... சரிங்க சார்." வைத்துவிட்டு, அதே மூச்சில் கறிக்கடைக்காரருக்குப் போட்டார். "டேய், சொன்ன கணக்குல வெட்டு! தொடை எனுக்கு, ஏமாத்துன கொன்னுடுவேன்!" என்று கத்திக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தக் கத்தல் போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் புறப்பட நான் சலவைச் சட்டையை எடுத்தபோது மனைவி கதவருகே நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க? நின்னதுலருந்து நாப்பத்தெட்டு மணி நேரம் விருந்துப் பக்கம் போவக் கூடாதுன்னு நேத்து ராத்திரி குரூப்ல எழுதுனது யாரு?"

செவ்வாய் இரவிலிருந்து விரலை மடக்கிப் பார்த்தேன். தேறவில்லை. சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். அவள் மாதர் சங்கத்தோடு ஆட்டோவில் ஏறி, கையசைத்துவிட்டுப் போனாள்.

மதியம் பார்சல் வந்தது. சமையல்கார அம்மா தனியாகக் கட்டி அனுப்பியது என்று கொண்டுவந்தவர் சொன்னார். பொருளாளர் வீட்டுக்கும் ஒன்று போனதாம். கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார். அவர் வீடு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில். பேண்டு வாத்தியமும் யாரோ "தட்டு! தட்டு!" என்று கத்துவதும் பின்னால் கேட்டது.

"கூப்பனே இல்லாம பந்தி ஓடுதாம்யா. ஒருத்தன்மேல ஒருத்தன் வுழுந்து துன்றானுங்களாம். கேக்கவே சந்தோஷமா கீது. உனக்கு முட்டை வெச்சுக் கீதா? எனக்கு வெக்கல."

"நான் இன்னும் பிரிக்கல."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பார்சலை எடுத்தேன். மசாலா வாசனை கவரைத் தாண்டி வந்தது. வாய் ஊறியது. மேல்கவரின் வாய் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது. அப்புறம் பார்க்கிறேன், என் வலது கட்டைவிரல் நாக்கில் இருக்கிறது.

"இன்னாய்யா, பேச்சையே காணோம்? முட்டை கீதா இல்லியா?"

"இரு" என்றேன். "கை கழுவிக்கினு வந்து சொல்றேன்."